கௌபாய் கவிதைகள் தமிழில் வர உதவுங்கள்: நன்கொடை வேண்டுகோள்

அன்புள்ள வாசகர்களுக்கு,

சிவகாசியில் அச்சான காமிக்ஸ் இதழ்கள் வழியே கௌபாய்களை நமக்கு நெடுங்காலமாகத் தெரியும். அவர்கள் கவிதை கட்டியவர்கள் என்ற செய்தி மட்டும் நம்மிடம் வந்து சேரவில்லை. அமெரிக்க மேற்குப் பகுதியின் கௌபாய் கவிதைகளையும் பாடல்களையும் தமிழில் ஒரு நூலாகவும், உடன் ஒலிப்பதிவாகவும் கொண்டுவர எங்கள் குழு முனைந்திருக்கிறது. அதற்கு உங்கள் பண உதவியை வேண்டுகிறோம்.

1860களின் பிற்பகுதியிலிருந்து சுமார் இருபது ஆண்டுகள், கௌபாய்கள் டெக்சாஸ் மாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கான்சாஸ் ரயில் நிலையங்களுக்கு ஓட்டிச் சென்றார்கள். இரவில் மந்தை படுத்ததும் காவல் முறை வரும். இருவர் குதிரையில் எதிரெதிர்த் திசையில் மந்தையைச் சுற்றி வந்தபடி பாடுவார்கள். ஆள் எங்கே வருகிறான் என்பதை மாடு குரலால் அறிந்துகொண்டே இருக்க வேண்டும். இருட்டில் திடீர்ச் சத்தம் எழுந்தால் மந்தை முழுவதும் மிரண்டு ஓடும். குறுக்கே அகப்பட்டவர் பிழைப்பது அரிது. தேவாலயத்துப் பாட்டு, பழைய கதைப்பாட்டு, அப்போதே இட்டுக்கட்டிய வரி, எது வாயில் வந்தாலும் பாடினார்கள். பாடியவர்களில் கறுப்பினத்தவரும் மெக்சிகோக்காரர்களும் ஏராளம். குதிரைமேல் இருந்து மாடு மேய்க்கும் இந்தத் தொழிலே மெக்சிகோ மாட்டுக்காரர்களிடமிருந்து வந்ததுதான். திரைப்படங்கள் ஒதுக்கிவிட்ட இவர்களுக்கு நூலில் தனிப்பகுதி உண்டு. அதை விட்டுக்கொடுக்க மாட்டோம்.

வாய்வழியே பரவியதால் எழுதியவர் பெயர்கள் தொலைந்தன. ‘ஹோம் ஆன் தி ரேஞ்ச்’ என்ற புகழ்பெற்ற பாடலுக்கு உரிமை கோரி 1934இல் அரிசோனா தம்பதி ஒருவர் ஐந்து லட்சம் டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். அதன்பின் நடந்த தேடலில்தான், 1870களில் கான்சாஸின் ஸ்மித் மாவட்டத்தில் மரக்குடிசையில் வாழ்ந்த மருத்துவர் புரூஸ்டர் ஹிக்லி அதை எழுதினார் என்பது நிலைநாட்டப்பட்டது. கௌபாய் கவிஞர் பேட்ஜர் கிளார்க் 1906இல் வெளியிட்ட பிரார்த்தனைக் கவிதையும் ‘ஆசிரியர் பெயர் தெரியவில்லை’ என்ற குறிப்புடன் அஞ்சலட்டைகளில் வலம்வந்தது. எனவே ஆசிரியர் பெயரைச் சரிபார்க்காமல் ஒரு கவிதையும் அச்சுக்குப் போகாது.

இம்மரபு இன்றும் உயிரோடு இருக்கிறது. நெவாடாவின் எல்கோ நகரில் 1985 ஜனவரியில் மாட்டுப்பண்ணைக்காரர்கள் கூடித் தங்கள் கவிதைகளைச் சொல்லத் தொடங்கினார்கள். பண்ணையில் வேலை குறைந்த குளிர்காலம் பார்த்து வைத்த கூட்டம் அது. இன்றளவும் அங்கே கூடுகிறார்கள்.

காதுக்காகக் கட்டிய கவிதையை உரைநடையாகப் பெயர்த்தால் உயிர் போய்விடும். ஆகவே சிந்து வடிவங்களில் பெயர்க்கிறோம். குதிரை திருடப் போய்க் கால் இழந்தவன் தன் கதையைப் பாடும் நொண்டி நாடகத்தின் சந்தம் இவற்றுக்கு அழகாகப் பொருந்துகிறது. ஒலிப்பதிவை நாங்கள் வற்புறுத்துவதும் இதனால்தான்.

மொத்தச் செலவு 3,00,000 ரூபாய். பெரும்பகுதி அச்சுக்கும் ஒலிப்பதிவுக்கும் போகும். கிளார்க் 1957இல் மறைந்தார். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்துவிட்டால் இந்தியாவில் பதிப்புரிமை முடிவதால் அவர் கவிதைகளுக்குச் செலவில்லை. வாழும் கவிஞர்களிடம் அனுமதி பெற்று, உரிய தொகையும் கொடுத்தே வெளியிடுவோம். மொழிபெயர்ப்பாளர்கள் ஊதியம் பெறவில்லை. அச்சாகும் பிரதிகளில் ஒரு பங்கு ஊர்ப்புற நூலகங்களுக்கு இலவசமாகப் போகும்.

நூறு ரூபாயானாலும் மகிழ்ச்சியோடு பெற்றுக்கொள்வோம். பணத்தைக் குழுவின் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வருமான வரிச் சலுகை இதற்குக் கிடைக்காது. வெளிநாட்டு நிதி பெறுவதற்கான அரசுப் பதிவு எங்களிடம் இல்லாததால், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற நண்பர்கள் அருள்கூர்ந்து பணம் அனுப்ப வேண்டாம்; மொழிபெயர்ப்பை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து உதவினால் அதுவே பேருதவி. தொகை முழுவதும் சேராவிட்டால் ஒலிப்பதிவை முதலில் முடித்து வெளியிடுவோம். வரவுசெலவுக் கணக்கை நன்கொடையாளர் ஒவ்வொருவருக்கும் அனுப்பிவைப்போம்.

இப்படிக்கு,
தொகுப்புக் குழுவினர்