வாடைக் குளிரில் மாண்ட மாடுகள்: அடுத்த மாரிக்கு முன் மேட்டுத்தரை வேண்டி ஒரு கோரிக்கை மனு

2022.12.27

அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
முல்லைத்தீவு.

கிராம அலுவலர், பிரதேச செயலாளர் ஊடாக

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

நந்திக்கடல் களப்போரத்துப் புல்வெளியான தரவையை அண்டி மாடும் ஆடும் வளர்த்துச் சீவிக்கும் குடும்பங்கள் சார்பில் இந்த மனுவை எழுதுகிறேன். நான் ஒரு குடும்பத் தலைவி. என் பட்டியில் இந்த மாதத் தொடக்கத்தில் 31 மாடுகள் நின்றன. இன்று 20 நிற்கின்றன. எங்களில் பலருக்கு இழப்பு இதைவிடப் பெரியது. வடக்கிலும் கிழக்கிலுமாக இந்த மாத முற்பகுதியில் ஒரு கிழமைக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் குளிரில் மாண்டதைத் தாங்கள் அறிவீர்கள். நட்டஈடு பற்றியும் கீழே எழுதியிருக்கிறேன். ஆனால் இந்த மனுவின் முதற் கோரிக்கை பணம் அல்ல. எங்கள் மாடுகள் மாரியில் நிற்பதற்கு ஈரமில்லாத, காற்று மறைப்புள்ள ஒரு மேட்டுத்தரை வேண்டும். அதைக் கேட்கத்தான் முக்கியமாக எழுதுகிறேன்.

நடந்ததைச் சொல்ல வேண்டும். இம்மாதம் 5ஆம் திகதி திங்கட்கிழமை வங்கக்கடலில் தாழமுக்கம் என்று வானொலியில் சொன்னார்கள். பிறகு அது மாண்டஸ் என்ற புயலாகி, 9ஆம் திகதி வெள்ளி நள்ளிரவை ஒட்டித் தமிழ்நாட்டில் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கரை கடந்தது. எங்கள் கரையில் அது கால் வைக்கவே இல்லை. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி திருகோணமலைக்கு வடக்கே கரை ஏறியபோது எங்கள் வீட்டுக் கூரைத் தகரம் பறந்தது, ஆனால் பட்டியில் ஒரு கன்றுக்கும் சேதமில்லை. அந்த நினைவில் இம்முறை நாங்கள் வீட்டைத்தான் இறுக்கிக் கட்டினோம். தகரத்துக்கு மேல் கல் ஏற்றினோம். பட்டியைப் பற்றி யோசிக்கவில்லை. புயல் தூரத்தில் போகிறது என்றால் எங்களுக்கு மழை மட்டும்தான் என்று எண்ணியிருந்தோம். அது வடக்கிலிருந்த குளிர்காற்றை இழுத்து எங்கள் தலைக்கு மேலால் விடும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

புயல் கரை கடக்க முதல்நாள், 8ஆம் திகதி வியாழன் பகல், வானம் புகைமூட்டமாய்க் கிடந்தது. காற்றின் தரம் கெட்டுவிட்டதென்று மறுநாள் பாடசாலைகளுக்கு விடுமுறை அறிவித்தார்கள், பிள்ளைகளை வெளியே விடாதீர்கள் என்றும் சொன்னார்கள். அந்த அறிவித்தல் எங்கள் வீடு வரை வந்தது. கடலுக்குப் போகாதீர்கள் என்ற அறிவித்தலும் வந்தது. மாடு ஆட்டைக் காற்று மறைப்பில் கட்டுங்கள், வைக்கோல் கொடுங்கள் என்று ஒரு வரி மட்டும் எங்கிருந்தும் வரவில்லை.

அன்று பின்னேரம் நாலு மணிக்கே மாடுகள் தாமாகப் பட்டிக்கு வந்துவிட்டன. மற்ற நாளில் அவற்றைத் தேடிப் போய்த்தான் சாய்த்து வர வேண்டும். மரக்கிளைகளால் அடைத்த அலம்பல் வேலிக்குள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, வாடைக்குப் பின்பக்கத்தைக் கொடுத்து நின்றன. மழை தூறலாகத்தான் பெய்தது, ஆனால் விடவே இல்லை. நிலம் கணுக்காலுக்கு மேல் சேறு. படுக்க இடமில்லாமல் இரவு முழுக்க நின்றுகொண்டேயிருந்தன.

பதினொரு மணிபோல் ரோச் லைற்றோடு போனேன். ஏழு மாதச் சினையில் நின்ற கறுத்தப் பசு சேற்றில் விழுந்து கிடந்தது. அதன் காதைப் பிடித்தேன். உயிருள்ள காது எப்போதும் கைக்கு இளஞ்சூடாக இருக்கும். இது நனைந்த செருப்புத் தோல்போல இருந்தது. பின்னேரம் முழுக்க நடுங்கிய உடம்பு இப்போது நடுங்கவில்லை. குளிர் விட்டுவிட்டதாக்கும் என்று நான் ஆறுதல்பட்டேன். நடுக்கம் நிற்பது தேறியதற்கு அடையாளம் அல்ல, நடுங்கிச் சூடு உண்டாக்கும் சக்தியும் தீர்ந்துபோனதற்கு அடையாளம் என்று கால்நடை வைத்தியர் சொல்லிப் பிறகுதான் தெரிந்தது. சாக்கால் தேய்த்தோம். மகன் தண்ணீர் சுட வைக்கப் போனான். விறகு நனைந்து புகைந்ததே தவிர எரியவில்லை. பிளாஸ்டிக் கதிரையின் காலை வெட்டிப் போட்டு நெருப்பு மூட்டினான். சுடுதண்ணீர் வருமுன்னே பசு கழுத்தை நீட்டிவிட்டது. விடிந்தபோது ஏழு உருப்படி கிடந்தன. மற்ற நாலும் சனி, ஞாயிறில் போயின. ஆடுகளை அடுப்படிக்குள் கொண்டுவந்து கட்டியதால் அவை தப்பின. இதை எழுதக் காரணம் உண்டு. அதே குளிர், அதே காற்று, ஒரே வளவு. கூரைக்குக் கீழே நின்றது பிழைத்தது.

புதைப்பதும் ஒரு பாடாகிவிட்டது. இரண்டு அடி தோண்டினால் தண்ணீர் ஊறுகிற நிலம். குழி தோண்டும் பெக்கோ இயந்திரம் கிடைக்க மூன்று நாள். அதற்குள் நோய் பரவியிருக்கிறது என்ற கதை ஊரெல்லாம் போய், நல்லாய் நின்ற மாட்டின் பாலையும் சிலர் வாங்கவில்லை. தொற்றுநோய் அல்ல, குளிர் அதிர்ச்சிதான் என்று கால்நடை வைத்தியர்கள் சொன்ன பிறகுதான் அந்தக் கதை அடங்கியது. காலையில் 14 லீற்றர் கறந்த வீட்டில் இப்போது 5 லீற்றர். பால்மாவுக்கு நாடே வரிசையில் நின்ற இந்த வருடத்தில், எங்கள் சிறு பட்டிகள் எத்தனை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தன என்பதைத் தாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதை இயற்கையின் செயல் என்று சொல்லிக் கோப்பை மூடிவிடக் கூடாது என்பதுதான் எங்கள் வேண்டுதல். நுவரெலியாவில் தை மாத இரவுகள் 10 பாகைக்கும் கீழே போகின்றன, சில விடியலில் புல்லில் உறைபனியும் விழுகிறது. அங்கேயும் மாடு வளர்க்கிறார்கள். அவை இப்படிக் கூட்டமாய்ச் சாவதில்லை. எங்கள் கரையில் அந்த அளவுக் குளிர் வரவேயில்லை. அப்படியென்றால் எங்கள் மாடு ஏன் செத்தது? மாட்டின் உடம்புச் சூடு ஏறத்தாழ 38.5 பாகை செல்சியஸ். மயிர் உலர்ந்து அடர்ந்திருந்தால் உறைநிலைக்குக் கிட்டவான குளிரையும் அது தாங்கும். மயிர் நனைந்துவிட்டால் 15 பாகை அளவிலேயே சூட்டைக் காக்கப் போராடத் தொடங்கிவிடும். எங்கள் நாட்டு மாடுகளுக்கோ வெயிலுக்கென்று அமைந்த குட்டை மயிர். அதன்மேல் காற்றும் அடித்து, வயிறும் காலியாக இருந்தால் தாங்காது. மாட்டின் உள்ளே சூட்டின் ஒரு பங்கு பெருவயிற்றில் வைக்கோலும் புல்லும் நொதிக்கும்போது உண்டாகிறது. தின்னாத மாடு அணைந்த அடுப்பு மாதிரி. மலைநாட்டு மாட்டுக்குக் கொட்டகையும் கட்டுத்தீனியும் இருக்கின்றன. எங்கள் மாட்டுக்கு இரண்டும் இல்லை.

ஏன் இல்லை என்பதையும் சொல்கிறேன். ஐப்பசியில் காலபோக நெல் விதைப்பு முடிந்ததும் வயலுக்குள் மாடு போகக் கூடாது. போனால் கட்டாக்காலி என்று பிடித்துத் தண்டம் அறவிடுவார்கள். இதில் விவசாயிகள்மேல் எங்களுக்குக் குறையில்லை. எங்களில் பலருக்கும் வயல் இருக்கிறது, பயிர் அழிந்தால் வலி தெரியும். மறுபக்கம் காட்டோரம் எல்லைக்கல் நட்டிருக்கிறது, அதற்குள் சாய்த்தால் வழக்கு. மேய்ச்சலுக்கென்று அளந்து வர்த்தமானியில் அறிவித்த காணி எங்களுக்குக் கிடையாது. மிஞ்சுவது களப்போரத் தரவை. கோடையில் அது நல்ல இடம். மாரியில் வெள்ளம் தேங்கி, உவர் ஏறி, புல் அழுகி, மறைப்புக்கு ஒரு மரமும் இல்லாத வெட்டை. எந்த மாதத்தில் மாட்டுக்கு மேடும் தீனியும் அதிகம் தேவையோ அந்த மாதத்தில் ஊரிலேயே தாழ்ந்த, புல் குறைந்த நிலத்தில்தான் அது நிற்கிறது. ஐப்பசியிலிருந்து அங்கே எலும்பும் தோலுமாய் நின்ற உடம்பில்தான் அந்தக் காற்று அடித்தது.

ஆகவே தாங்கள் எங்களுக்குச் செய்து தர வேண்டியதாக நாங்கள் கேட்பது இது. எங்கள் பிரதேசத்துப் பட்டிகளுக்கென மேய்ச்சல் தரையை அளந்து எல்லையிட்டு, சட்டப்படி வர்த்தமானியில் வெளியிட ஆவன செய்யுங்கள். காணி, வனம், வனசீவராசிகள், கமநலம் ஆகிய பிரிவுகளை ஒரே மேசையில் இருத்தக்கூடியவர் மாவட்டத்தில் தாங்கள் ஒருவர்தான். நாங்கள் தனித்தனியாக ஒவ்வொரு கதவாகத் தட்டினால் எங்கள் பிள்ளைகள் காலத்திலும் அது முடியாது. முழு மேய்ச்சல் தரைக்கு வருடங்கள் எடுக்கலாம் என்பது எங்களுக்கு விளங்குகிறது. அதுவரை காத்திருக்காமல், வருகிற மாரிக்குள் ஒவ்வொரு பட்டித்தொகுதிக்கும் ஒரு மேட்டுத்தரையை மட்டுமாவது அமைத்துத் தாருங்கள். குளம் திருத்தும்போது அள்ளும் மண்ணைப் போட்டு மூன்று அடி உயர்த்தினால் போதும். வடக்கும் கிழக்கும் தடித்த மறைப்பு வேண்டும். சீமைக்கிளுவையை நெருக்கி நட்டால் அதுவே வேலி, அதன் இலையே தீனி. கன்றுக்கும் சினை மாட்டுக்கும் மட்டும் ஒரு தகரக் கூரை. வேலைக்கு ஆள் நாங்கள் தருகிறோம். வேலிக்கு நடும் தடியான கதியாலும் நாங்களே வெட்டி நடுவோம். மண்ணும் அதை ஏற்றி இறக்க இயந்திரமும் தகரமும் கிடைத்தால் மிச்சம் எங்கள் பொறுப்பு.

வைக்கோல் பற்றி ஒரு சொல். மாசி, பங்குனியில் வெட்டு இயந்திரம் போன வழியெல்லாம் வைக்கோல் சிதறிக் கிடந்து, பாதி எரிக்கப்படுகிறது, பாதி மழையில் உக்குகிறது. அதைக் கட்டாகக் கட்டும் இயந்திரம் ஒன்றைக் கமநல நிலையம் வழியாக வாடகைக்கு விட்டால், மார்கழிக்குத் தேவையான தீனியை நாங்கள் காசு கொடுத்தே வாங்கிச் சேமித்துக்கொள்வோம்.

முன்னெச்சரிக்கையில் கால்நடைக்கும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். மீனவருக்குச் சொல்வதுபோல, குளிர்காற்றும் தொடர்மழையும் சேர்ந்து வரும் என்றால் இரண்டு நாள் முன்பே கிராம அலுவலர் மூலமும் கோயில், தேவாலயம், பள்ளிவாசல் ஒலிபெருக்கி மூலமும் அறிவித்தால், கன்றையாவது வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுவோம்.

நட்டஈடு விடயத்தில் எங்கள் வேண்டுகோள் ஒன்றே. செத்த மாட்டுக்குக் காது இலக்கம் இருந்ததா என்று மட்டும் பார்த்துக் கணக்கெடுக்க வேண்டாம். பட்டியில் பாதி மாட்டுக்குக் குறிசுட்ட அடையாளம்தான் உண்டு, அந்த வருடக் கன்றுக்கு அதுவும் இல்லை. சேற்றுக்குள் புதைத்ததை மறுபடி தோண்டிக் காட்ட முடியாது. கைத்தொலைபேசியில் எடுத்த படத்தையும், அயல் பட்டிக்காரர் இருவரின் சாட்சியத்தையும், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலையும் போதுமான ஆதாரமாக ஏற்கும்படி கேட்கிறோம். பணமாகத் தருவதைவிடச் சினைப்பசுவாகவோ ஈனாத இளம் பசுவான நாகு கன்றாகவோ தந்தால் பட்டி மறுபடி பெருகும். அதையே எங்களில் பெரும்பாலானோர் விரும்புகிறோம்.

எங்களுக்கு இது இரண்டாம் தடவை. 2009இல் பட்டிகளை அவிழ்த்து விட்டுவிட்டு வெறுங்கையோடு நடந்தோம். மீள்குடியேறி வந்து ஒன்று இரண்டு மாட்டிலிருந்து இத்தனை வருடத்தில் சேர்த்ததுதான் இப்போது போனது. கறுத்தப் பசு, திரும்பி வந்த பிறகு நான் முதன்முதல் வாங்கிய மாட்டின் பேத்தி.

அறுவடை தொடங்குமுன் ஒரு நாள் தாங்கள் தரவைக்கு நேரில் வந்து பார்க்க வேண்டுமென்று தயவாய்க் கேட்கிறோம். வெள்ளம் வற்றிவிட்டால் அது பச்சையாய், அழகாய்த்தான் தெரியும். தை முடியுமுன் வந்தால்தான் மாடு எங்கே நிற்கிறது என்று விளங்கும். பங்குனிக்குள் அளவை வேலை முடிந்தால் ஆனி, ஆடியில் மண் போடலாம். ஐப்பசி மழைக்கு முன் தரை இறுகிவிடும்.

தங்கள் உண்மையுள்ள,

(கையொப்பம்)
மனுதாரர்,
தரவையோரப் பட்டிக்காரர் சார்பில்

இணைப்பு: இழந்த கால்நடைகளின் விபரம், பட்டிக்காரர் கையொப்பங்கள், படங்கள்

பிரதி: கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம், அனர்த்த முகாமைத்துவப் பிரிவு