அத்தை, மிச்சம் 35 பூ

அத்தை,

மதினி வாசிக்க நீங்கள் கேட்பீர்கள் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன். போனில் ஆரம்பித்தால் இரண்டாவது பேச்சிலேயே எனக்குக் கோபம் வரும், மூன்றாவது பேச்சில் நீங்கள் வைத்துவிடுவீர்கள். நாளைக்கு அப்பாவுக்கு வருஷத் திதி. அதைப் பற்றி உங்களுக்கு நான் என்ன சொல்வது, அவர் உங்கள் தம்பி.

நீங்கள் பாதியில் விட்ட குரோஷா விரிப்பின் பூக்களும் நோட்டும் போட்ட பை வந்து நாலு மாதம் ஆகிறது. வந்ததா என்று நீங்கள் கேட்கவில்லை, வந்தது என்று நானும் சொல்லவில்லை. அன்றைக்கே கட்டிலில் கொட்டி எண்ணிவிட்டேன், 61 பூ. நோட்டில் நீங்கள் கட்டம் போட்டிருக்கிறபடி குறுக்கே 8, நெடுக்க 12, மொத்தம் 96 வேண்டும். மிச்சம் 35-ஐ நான் போடுகிறேன். மதினி மகள் கல்யாணத்துக்குள் விரிப்பு முடிந்துவிடும்.

ஆனால் ஒன்று, பை வந்ததால் நான் குரோஷா பழகவில்லை. அப்பா போன மூன்றாம் மாதமே ஊசி வாங்கிவிட்டேன். எங்கள் ஆபீசுக்கு ஒரு சட்டை சாம்பிள் வந்தது, கழுத்தைச் சுற்றிக் குரோஷா லேஸ் வைத்தது. மிஷினில் ஓட்டிவிடலாமா என்று கேட்டார்கள். திருப்பூரில் இத்தனை வருஷம் வேலை பார்த்தும் அன்றைக்குத்தான் நான் அதை உட்கார்ந்து யோசித்தேன். பனியன் துணி ஓட்டுகிற வட்ட மிஷினில் ஆயிரக்கணக்கில் ஊசி, ஒவ்வொன்றிலும் ஒரு கண்ணி காத்துக்கொண்டு நிற்கும். குரோஷாவில் எப்போதும் கொக்கியில் இருக்கிற ஒரே கண்ணிதான், அது முடிந்தால்தான் அடுத்தது. குரோஷா மிஷின் என்றே பெயர் வைத்த மிஷின் ஒன்று உண்டு, லேஸும் எலாஸ்டிக் பட்டியும் ஓட்டுவார்கள், அது போடுவது வேறு பின்னல். கடைசியில் அந்த லேஸ் ஆந்திராவில் நரசாபுரத்துக்குப் போய்த்தான் வந்தது, அங்கே பெண்கள் வீட்டில் உட்கார்ந்து கையால் போடுகிறார்கள், 2024-ல் அதற்குப் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. சாம்பிள் திரும்பி வந்ததும் அதை விரலால் தடவிக்கொண்டே இருந்தேன். எனக்கு உங்கள் கும்பா ஞாபகம் வந்தது. நூல்கண்டு உருண்டு ஓடாமல் இருக்க அதற்குள் போட்டு வைத்திருப்பீர்களே, நூல் இழுபடும்போதெல்லாம் பித்தளையில் கண்டு மோதி மெல்லச் சத்தம் வரும். அன்று சாயங்காலமே போய் 4 மில்லிமீட்டர் ஊசியும் கொஞ்சம் உல்லன் நூலும் வாங்கினேன்.

வாங்கியது கறுப்பு நூல். கறுப்பில் கண்ணி எங்கே இருக்கிறது என்று கண்ணுக்கே தெரியாது, மறுநாள் வெளிர் மஞ்சள் வாங்க வேண்டியதாயிற்று. 20 கண்ணியில் ஆரம்பித்தால் பத்து வரிசையில் 13 ஆகிவிடும், சதுரம் போட்டால் முக்கோணமாகக் கூம்பும். ஒவ்வொரு வரிசையின் கடைசிக் கண்ணி ஓரத்தில் ஒளிந்துகொள்கிறது, அதை விட்டுவிட்டுத் திரும்புகிறேன் என்று கண்டுபிடிக்க இரண்டு வாரம். முதல் கண்ணியிலும் கடைசிக் கண்ணியிலும் ஊக்கு குத்தி வைத்து எண்ணி எண்ணிப் போட்ட பிறகுதான் நேரானது. வீடியோவில் எல்லோரும் வலதுகைக்காரர்கள், நான் இடதுகை. அப்புறம்தான் ஒரு வீடியோவில் கேட்டேன், இடதுகைக்காரர்கள் சொல்லிக்கொடுப்பவரின் பக்கத்தில் உட்காரக் கூடாதாம், எதிரே உட்கார வேண்டுமாம். கண்ணாடி பார்ப்பது மாதிரி. அவர் வலதுகை செய்வதை என் இடதுகை அப்படியே செய்தால் போதும்.

அவ்வளவுதானா என்று நிறுத்திவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பாளையங்கோட்டை வீட்டுப் பட்டாசல். எனக்கு ஒன்பது வயது, மே மாத லீவு, வெயில் ஜன்னல் கம்பியைத் தாண்டி உங்கள் மடி வரைக்கும் வந்திருந்தது. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து வலதுகையில் ஊசியைக் கொடுத்தீர்கள். நீங்கள் அந்தப் பக்கம் திரும்பினால் நான் கை மாற்றிக்கொள்வேன். மாற்றி மாற்றி, ஒரு முழம் சங்கிலி போட்டுவிட்டேன், அத்தை. கண்ணிகள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருந்தன, ஆனால் சங்கிலிதான். காட்டினேன். நீங்கள் திட்டவில்லை. என் இடதுகையைப் பிடித்து என் தொடைக்கு அடியிலேயே வைத்தீர்கள், “இந்தக் கை உட்கார்ந்திருக்கட்டும்” என்றீர்கள். அப்புறம் கண்டுப் பக்கத்து நூலை ஒரு இழு. குரோஷாவில் எல்லாம் அந்த ஒரே கண்ணியில்தான் நிற்கிறது, அது போனால் மொத்தமும் போய்விடும். என் ஒரு முழமும் விர்ரென்று பிரிந்து கும்பாவுக்குள் போனது. உங்கள் விரலில் பவுடர் வாசனை. தொடைக்கு அடியில் என் கை மரத்துப்போகிற வரைக்கும் எடுக்கவில்லை. மறுநாளிலிருந்து மதினிக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள்.

உங்களுக்கும் தெரிந்திருக்காது, அந்தக் காலத்தில் யாருக்குத் தெரியும். பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். ஆனாலும் எதிரே உட்காரவைத்திருந்தால் போதுமே அத்தை, நாற்காலியைத் திருப்பிப் போடுகிற வேலைதானே. விரல் முட்டெல்லாம் வீங்கி உங்களால் ஊசி பிடிக்க முடியவில்லை என்று மதினி சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. கூடவே, இவர்கள் கை ஓய்ந்த பிறகுதான் என் கை ஞாபகம் வந்ததா என்றும் தோன்றியது. இரண்டும் நிஜம்.

அப்பாவைக் கிடத்தியிருந்தபோது நீங்கள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள், நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன். ஊரே பார்த்தது. அது தப்பு, மன்னித்துவிடுங்கள். ஆனால் அதற்கு முந்தின வாரம் நீங்கள் போனில் கேட்டது நம் மூன்று பேருக்கு மட்டும் தெரியும், இப்போது இரண்டு பேருக்கு. வீட்டைப் பற்றியது என்பதோடு நிறுத்துகிறேன், இதை யார் யாரோ படிப்பார்கள், சொந்தத்திலும் படிப்பார்கள். அன்று ராத்திரி அப்பா சாப்பிடவில்லை. அதை மனசில் வைத்துக்கொண்டுதான் எழுந்தேன். இருந்தாலும் எழுந்திருக்கக் கூடாது, தம்பியைப் பறிகொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தவர்கள் நீங்கள்.

சரி, பூவுக்கு வருகிறேன். முதல் பூ உங்கள் பூவைப் போல இரண்டு மடங்கு வந்தது. நோட்டில் “டபுள்” என்று பின்னலின் பெயரை எழுதியிருந்ததைப் பார்த்து நான் வீடியோவில் பழகிய டபுளைப் போட்டேன். ஒரு வாரம் மண்டை காய்ந்தது. நான் பழகியது அமெரிக்கக்காரர்கள் சொல்கிற டபுள், அது உங்கள் கணக்கில் டிரெபிள். உங்கள் கான்வென்ட் சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்தது இங்கிலாந்துக் கணக்கு, அதில் டபுள் என்றால் குட்டையானது, எங்கள் சிங்கிள். இது தெரிந்த பிறகு உங்கள் நோட்டு எனக்கு நன்றாகப் பேசுகிறது. “இங்கே நூலை இறுக்காதே” என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறீர்கள், யாருக்கு எழுதினீர்களோ, நான் எனக்கு என்று எடுத்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். உங்கள் பூ கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுற்றுகிறது, என்னுடையது முள்ளோடு போகிறது. இதழ் சாய்ந்திருப்பதால் பக்கத்தில் வைத்தால் தெரிகிறது. திருப்பி வைத்துப் பார்த்தேன், திசை சரியாகிறது, ஆனால் பூவின் முதுகு மேலே வந்துவிடுகிறது. நூலும் அப்படித்தான், உங்களுடையது பழசாகி மோர் நிறத்துக்கு வந்துவிட்டது, என்னுடையது பளிச்சென்ற வெள்ளை. ஆபீசில் இப்படி ஷேடு மாறினால் சரக்கைத் திருப்பி அனுப்புவார்கள். டீத்தண்ணியில் முக்கி எடுக்கலாமா என்றுகூட யோசித்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். உங்கள் 60 பூ நடுவில் இருக்கட்டும், சுற்றி ஓரத்துக்கு 36 வேண்டும், அதில் என்னுடையது 35. உங்களுடையது ஒன்று மட்டும் மூலையில் என் பூக்களோடு நிற்கும். நேராகவே வைக்கிறேன், எதையும் திருப்பவில்லை.

22 முடிந்துவிட்டது. பூக்களை இணைப்பது எப்படி என்றுதான் தெரியவில்லை. கடைசிச் சுற்றிலேயே பக்கத்துப் பூவோடு கோத்துக்கொண்டு போவீர்களா, எல்லாம் முடித்து வைத்து அப்புறம் தைப்பீர்களா? நோட்டில் அந்தத் தாள் இல்லை. மாசக் கடைசியில் இரண்டு நாள் லீவு போட்டு வருகிறேன். நீங்கள் ஊசி பிடிக்க வேண்டாம், வாயால் சொன்னால் போதும். நான் நாற்காலியை எதிரே போட்டுக்கொள்கிறேன்.