தேர்தல் ஆணைக்குழுவுக்கு: 2, 3 எண்டு விருப்பு வாக்குப் போடுறது எப்பிடியெண்டு எங்கட சனத்துக்குச் சொல்லித்தாங்க

மதிப்புக்குரிய தலைவர் ஐயாவுக்கும் உறுப்பினர்களுக்கும்,

களுவாஞ்சிகுடிப் பக்கமிருந்து எழுதுறன். ஜனாதிபதித் தேர்தல் வந்தா இங்க தேத்தண்ணிக் கடையில, கோயில் வாசல்ல ஒரே கதைதான், "அந்தாள் நல்லவர், ஆனா வெல்லமாட்டார், வோட்ட வீணாக்காதங்க." கடைசியில ஆர் வரணும் எண்டதுக்கு இல்ல, ஆர் வரக்கூடாது எண்டதுக்குத்தான் புள்ளடி (X) போடுறம். கனகாலமா ரெண்டு பெரிய கட்சியே மாறிமாறி நிண்டுபிடிச்சது இந்தப் பயத்தாலதான், சனத்துக்கு அவங்களில ஆசை எண்டு இல்ல. டுவர்ஜே எண்ட பிரெஞ்சு அரசியல் அறிஞர் 1951லயே இத எழுதிட்டார். அமெரிக்காவில 2000ல புளோரிடாவ புஷ் எடுத்தது வெறும் 537 வோட்டால, அங்க மூண்டாவதா நிண்ட நேடருக்கு 97 ஆயிரத்துக்கு மேல விழுந்தது, மறுகா புஷ் வெல்ல நீங்கதான் காரணம் எண்டு அவருக்குப் போட்ட சனம் வாங்கின ஏச்சு கொஞ்சநஞ்சமில்ல.

அங்க 1க்குப் பிறகு அடுத்த விருப்பம் ஆர் எண்டு 2, 3 போட வழி இருக்கல்ல. எங்களுக்கு இருக்கு, 1982ல நடந்த முதல் ஜனாதிபதித் தேர்தல்ல இருந்தே இருக்கு! 2024ல ஒருத்தரும் பாதிக்கு மேல எடுக்காததால முதல் தடவையா விருப்பு வாக்க எண்ணுற ரெண்டாவது எண்ணிக்கை வந்திச்சு, முதல் ரெண்டு பேருக்கும் போடாத செல்லுபடியான வோட்டு 33 லட்சத்துக்கு மேல, அதில விருப்பு வாக்கா அவங்களுக்குப் போய்ச் சேர்ந்தது 273,131தான். மிச்சம் அந்த ரெண்டு பேரில ஒருத்தருக்கும் போய்ச் சேரல்ல. தமிழ்ப் பொது வேட்பாளரா நிண்ட எங்கட அரியநேத்திரன் ஐயாவுக்கு விழுந்த 226,343 வோட்டையும் வீண் எண்டு எத்தின பேர் சண்டை பிடிச்சாங்க, அவருக்கு 1 போட்டுட்டு 2ஐ வெல்லக்கூடிய ஒராளுக்குப் போட்டிருந்தா அந்தக் கதைக்கே இடமில்ல.

அயர்லாந்தில 1990ல மேரி ரொபின்சன் முதல் எண்ணிக்கையில ரெண்டாமிடம், விருப்பு வாக்கு சேர்ந்துதான் ஜனாதிபதியானவ.

அதால கேக்கிறன், அடுத்த தேர்தலுக்கு முதல் படுவான்கரையில இருந்து பொத்துவில் வரைக்கும் ஊரூரா ஆள் அனுப்பி, மாதிரி வாக்குச்சீட்டக் கையில குடுத்து, 2, 3 போடுறதெண்டா புள்ளடி வேணாம், 1, 2, 3 எண்டு இலக்கம்தான் போடணும் எண்டு தமிழில காட்டுங்க. பத்திரிகையில ஒரு மூலையில விளம்பரம் போட்டா வயல்ல நிக்கிற சனத்துக்கு எட்டாது.

இன்னொண்டு, சட்டம் மாத்துறது பாராளுமன்றம் எண்டு தெரியும், ஆனா நீங்க சிபாரிசு செய்யலாம்தானே. இப்ப முதல் ரெண்டு பேர விட்டுட்டு மத்த எல்லாரையும் ஒரேயடியா வெட்டுறீங்க, இதுவும் திரும்ப ரெண்டு பேருக்குத்தான் வாய்ப்பு. அயர்லாந்தில போல கடைசியில நிக்கிற ஆளில இருந்து கழிச்சுக்கொண்டு வந்தா மூண்டாவதா நிக்கிறவரும் மேல ஏறலாம், அத எழுத்தில கேளுங்க ஐயா.

இப்படிக்கு,
மட்டக்களப்பு மாவட்ட வாக்காளர் ஒருவர்