சோதனை அறிக்கையில் ஆன்டெனா நின்ற இடமும் பதிவாகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பம்ப்செட் கன்ட்ரோலர், மின்வாகன சார்ஜர், நோயாளியின் படுக்கையருகே வைக்கும் மானிட்டர் என்று எலக்ட்ரானிக் பலகை வைத்த கருவிகளைத் தமிழ்நாட்டில் பல சிறு நிறுவனங்கள் செய்கின்றன. சந்தைக்குப் போகுமுன் அவற்றில் பலவும் ஏறி இறங்க வேண்டிய இடம் இஎம்சி ஆய்வகம்; மின்காந்த அலைகளால் கருவிகள் ஒன்றையொன்று கெடுக்காமல் இயங்குகின்றனவா என்று பார்க்கும் இடம் அது. தரமணியில் மத்திய அரசின் சமீர் ஆராய்ச்சி நிறுவனத்தின் மின்காந்தவியல் மையம் இருக்கிறது. ஒரகடத்தில் வாகனங்களையே உள்ளே ஓட்டிச் சென்று சோதிக்கும் ஆய்வுக்கூடம் இருக்கிறது. தனியார் ஆய்வகங்களும் உண்டு. அங்கே நடக்கும் சோதனைகளில், கருவி செய்பவர்களுக்கு மிகக் குறைவாகப் புரிந்திருப்பது ரேடியோ அலைத் தாங்குதிறன் சோதனைதான். சக்திவாய்ந்த ஆன்டெனாவால் கருவியின் மேல் அலையைப் பாய்ச்சி, அது தடுமாறாமல் இயங்குகிறதா என்று பார்ப்பது. இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம்.

இந்தச் சோதனை ஏன் என்பதற்கு ஒரு கணக்கு போதும். காவலாளி கையிலிருக்கும் 5 வாட் வாக்கி-டாக்கி, 1 மீட்டர் தள்ளி, மீட்டருக்கு ஏறத்தாழ 12 வோல்ட் மின்புலத்தை உண்டாக்கும். 30 சென்டிமீட்டருக்கு வந்தால் அது 40 ஆகிவிடும். அந்த நேரத்தில் பக்கத்துக் கட்டிலில் மருந்து ஏற்றும் பம்ப் தன் வேகத்தை மாற்றிக்கொண்டால் என்ன ஆகும்? மருத்துவக் கருவிகளுக்கான ஐஇசி (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) 60601-1-2 தரநிலை, வீட்டில் பயன்படுபவற்றுக்கு மீட்டருக்கு 10 வோல்ட் என்றும், தொடர்பு சாதனங்களின் சில அதிர்வெண்களில் 28 வோல்ட் என்றும் கேட்பது இதனால்தான்.

எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். "தேறியது" என்ற ஒற்றைச் சொல்லோடு அறிக்கை முடியக் கூடாது. ஆன்டெனா எங்கே நின்றது, படுக்கை நிலையிலா நிமிர்ந்த நிலையிலா, எவ்வளவு பவர் போனது, எவ்வளவு திரும்பி வந்தது என்பதும் அதில் இருக்க வேண்டும். இவை தெரியாவிட்டால் தரநிலை சொன்ன மின்புலம் கருவியின் மேல் விழுந்ததா என்பதே தெரியாது. எப்படியெல்லாம் விழாமல் போகும் என்று கீழே சொல்கிறோம்.

முதலில் பவர் கணக்கு. வேண்டிய மின்புலத்தைத் தூரத்தால் பெருக்கி, வர்க்கம் எடுத்து, அதை 30-ஆலும் ஆன்டெனாவின் கெயினாலும் (அலையை ஒரு திசையில் குவிக்கும் அளவு) வகுத்தால் வாட் கிடைக்கும். 3 மீட்டர் தூரத்தில் 10 வோல்ட், கெயின் 5 என்றால் 6 வாட். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் இந்தச் சோதனைக்கான ஐஇசி 61000-4-3 தரநிலை கேட்பது 1 கிலோஹெர்ட்ஸில் 80 சதவீதம் பண்பேற்றிய, அதாவது உயரம் ஏறி இறங்கும் அலை. அதன் உச்சம் 18 வோல்ட்; அதற்கு 19 வாட்டுக்கு மேல் வேண்டும். சோதனை தொடங்கும் 80 மெகாஹெர்ட்ஸில் பல ஆன்டெனாக்களின் கெயின் 1-ஐ ஒட்டித்தான் இருக்கும். அங்கே 97 வாட். கருவி நிற்கும் பரப்பு முழுக்க மின்புலம் குறையாமல் இருக்க, மிகவும் தாழ்ந்த புள்ளிக்கு ஏற்றபடி பவரைக் கூட்ட வேண்டும். மோசமான நிலையில் அது நான்கு மடங்கு. கேபிள் இழப்பும் சேர்ந்தால் 250 வாட் ஆம்ப்ளிஃபையரும் திணறும். "100 வாட் இருக்கிறது, 10 வோல்ட் செய்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் 80 மெகாஹெர்ட்ஸில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள்.

பண்பேற்றத்தை மறந்துவிட்டு 10 வோல்ட்டுக்கு மட்டும் அளவீடு செய்வது அடிக்கடி நடக்கும் தவறு. பண்பேற்றம் சேர்ந்ததும் ஆம்ப்ளிஃபையர் உச்சியில் நசுங்கும், அதாவது அலையின் உச்சியை முழுதாகத் தர முடியாமல் போகும். கருவிக்குப் போக வேண்டிய உச்சம் போகாது, கருவி தேறிவிடும். நசுங்கும் ஆம்ப்ளிஃபையர் இன்னொரு கெடுதலும் செய்யும். 80 மெகாஹெர்ட்ஸ் கொடுத்தால் அதன் மூன்று மடங்கான 240-உம் கூடவே வரும். அங்கே ஆன்டெனாவின் கெயின் அதிகம் என்பதால் அந்த அலை இன்னும் நன்றாகப் பரவும். மின்புலம் அளக்கும் ப்ரோப் இரண்டையும் சேர்த்தே காட்டும். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. உண்மையில் விழும் 80 மெகாஹெர்ட்ஸ் குறைவாகவே இருக்கும். துணை அலைகளின் மின்புலம் முதன்மை அலையைவிடக் குறைந்தது 6 டெசிபல், அதாவது பாதியளவுக்கு, தாழ்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் உயர்ந்த அதிர்வெண்களைத் தடுக்கும் லோ-பாஸ் ஃபில்டர் போட வேண்டும், அல்லது பெரிய ஆம்ப்ளிஃபையரை அதன் எல்லைக்குக் கீழே ஓட்ட வேண்டும்.

அடுத்து ஆன்டெனா. 80 மெகாஹெர்ட்ஸ் முதல் 1 ஜிகாஹெர்ட்ஸ் வரை லாக்-பீரியாடிக் அல்லது பைகோனிக்கலும் லாக்-பீரியாடிக்கும் சேர்ந்த கலப்பு வகை; அதற்கு மேல் ஹார்ன். லாக்-பீரியாடிக் ஆன்டெனாவில் தாழ்ந்த அதிர்வெண்கள் பின்னால் உள்ள நீளமான கம்பிகளிலிருந்தும், உயர்ந்தவை மூக்கின் நுனியிலிருந்தும் கிளம்பும். தூரத்தை நுனியிலிருந்து அளப்பதால், 80 மெகாஹெர்ட்ஸுக்கு உண்மையான தூரம் நாம் அளந்ததைவிட அதிகம். தூரம் 1 மீட்டராக இருக்கும் சோதனைகளில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியும். நீளக் கம்பிகளின் முழு அகலம் 1.9 மீட்டரை நெருங்கும். ஆகவே நிமிர்த்தி வைக்கும்போது கீழ் முனை தரையையோ, அலையை உறிஞ்சும் அப்சார்பரையோ தொடும் அளவுக்கு இறங்கிவிடாமல் தாங்கியின் உயரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தாங்கி ஃபைபர் அல்லது மரமாக இருக்கட்டும். இரும்புத் தாங்கி தானே ஓர் ஆன்டெனா ஆகிவிடும்.

தாழ்ந்த அதிர்வெண்களில் ஆன்டெனா பவரை முழுதாக வாங்கிக்கொள்வதில்லை. இந்தப் பொருந்தாமையைக் காட்டும் ஸ்டாண்டிங் வேவ் விகிதம் 3 என்றால் அனுப்பியதில் கால் பங்கு திரும்பி வரும். 10 என்றால் 67 சதவீதம் திரும்பும். பைகோனிக்கலை 30 மெகாஹெர்ட்ஸில் ஓட்டுபவர்களுக்கு இது புதிதல்ல. திரும்பும் பவரைத் தாங்காத ஆம்ப்ளிஃபையர் தானாகவே பவரைக் குறைத்துக்கொள்ளும் அல்லது நின்றுவிடும். ஆகவே ஆம்ப்ளிஃபையருக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவில் இரு திசைப் பவரையும் பிரித்துக் காட்டும் டைரக்ஷனல் கப்ளர், அதில் போகும் பவருக்கு ஒன்று, திரும்பும் பவருக்கு ஒன்று என்று இரண்டு பவர் மீட்டர் கட்டாயம். ஆன்டெனாவைக் கேபிளோடு பொருத்தும் பாலுனுக்கும் ஓர் எல்லை உண்டு. அதன் ஃபெரைட் சூடேறினால் திரும்பும் பவர் மெல்ல மெல்ல ஏறும். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் பாலுன் போய்விடும்.

கனெக்டரைச் சற்று அருகில் போய்ப் பார்ப்போம். 50 ஓம் கேபிளில் 250 வாட் போகிறது என்றால் ஓடும் மின்னோட்டம் 2.2 ஆம்பியருக்குச் சற்று மேல். என்-டைப் கனெக்டரின் நடு ஊசி சரியாகப் பிடிக்காமல் அரை ஓம் தடை வந்துவிட்டால், அந்த ஊசி முனையிலேயே இரண்டரை வாட் வெப்பம் இறங்கும். முதலில் தங்கப் பூச்சு மங்கும், பிறகு ஊசி கறுக்கும், பிறகு சுற்றியுள்ள வெள்ளை டெஃப்லான் பழுப்பேறும். ஆன்டெனாவைப் படுக்கையிலிருந்து நிமிர்த்தித் திருப்பும்போது கேபிளும் முறுக்கிக்கொண்டு கனெக்டர் கால் சுற்று தளர்வதுதான் பெரும்பாலும் இதற்குத் தொடக்கம். எனவே ஒவ்வொரு முறை திருப்பிய பிறகும் கனெக்டரைத் தொட்டுப் பார்த்து இறுக்க வேண்டும். பவர் அதிகமானால் 7/16 கனெக்டருக்கு மாற வேண்டும்; அதைக் கையால் இறுக்கினால் போதாது, டார்க் ஸ்பேனரால் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் வரை இறுக்க வேண்டும். கேபிள் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. 1.3 டெசிபல் இழப்பு என்றால் பவரில் நான்கில் ஒரு பங்கு கேபிளுக்குள்ளேயே போயிற்று. 3 டெசிபல் என்றால் பாதி. ஆன்டெனா நிமிர்ந்து நிற்கும்போது கேபிள் அதன் கம்பிகளுக்கு இணையாகத் தொங்கக் கூடாது. பின்பக்கமாகக் குறைந்தது 1 மீட்டர் நேராகப் போய், அதன்பின் கீழே இறங்கட்டும். இறங்கும் இடத்தில் ஃபெரைட் மணிகள் போடலாம்.

பலரும் கோட்டைவிடுவது தரையில்தான். ஆன்டெனாவும் கருவியும் 1.55 மீட்டர் உயரத்தில், 3 மீட்டர் இடைவெளியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நேராக வரும் அலை 3 மீட்டர் பயணிக்கும். தரையில் பட்டுத் தெறிக்கும் அலை 4.3 மீட்டர் பயணிக்கும். வித்தியாசம் 1.3 மீட்டர், அது சுமார் 228 மெகாஹெர்ட்ஸின் ஒரு முழு அலைநீளம். உலோகத் தரையில் படுக்கை நிலை அலை தெறிக்கும்போது தலைகீழாவதால், இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். மின்புலம் மூன்றில் ஒரு பங்குக்குக்கூட இறங்கலாம். நடுவில் தரையில் அப்சார்பர் போடுவது இதைத் தடுக்கத்தான். கனமான கருவியை உள்ளே கொண்டுவர அந்த அப்சார்பர்களை நகர்த்திவிட்டு, திரும்ப வைக்கும்போது ஒரு சாண் தள்ளி வைத்தாலும் அளவீடு செய்தபோது இருந்த நிலை இனி இல்லை. ஆன்டெனாவின் கால், அப்சார்பரின் விளிம்பு, மேசையின் கால் எல்லாவற்றுக்கும் தரையில் நிறமுள்ள டேப்பால் அடையாளம் இட வேண்டும்.

அளவீடு செய்யும் முறை இது. கருவி இல்லாத வெற்று இடத்தில், 1.5 மீட்டர் சதுரத்தில், தரையிலிருந்து 0.8 மீட்டரில் தொடங்கி அரை மீட்டர் இடைவெளியில் 16 புள்ளிகள். ஒவ்வொன்றிலும் ப்ரோப் வைத்து, பண்பேற்றம் இல்லாத அலையால் அளக்க வேண்டும். டையோடு வகை ப்ரோப்கள் பண்பேற்றிய அலையில் தவறாகக் காட்டும். 16-இல் குறைந்தது 12 புள்ளிகளில் மின்புலம் குறித்த அளவுக்குக் குறையாமலும் 6 டெசிபலுக்கு மேல் போகாமலும் இருந்தால் அந்த அதிர்வெண்ணுக்கான பவர் பதிவாகும். சோதனையின்போது கருவியை வைத்துவிட்டு அதே பவரை அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும். கருவியின் பக்கத்தில் ப்ரோப் வைத்து, அது காட்டுவதைப் பார்த்துப் பவரைக் கூட்டிக் குறைப்பது தவறு. கருவியின் உலோகப் பெட்டியில் அலை தெறித்து ப்ரோப் இருக்கும் இடத்தில் மின்புலம் வற்றியிருந்தால் மென்பொருள் பவரைக் கண்டபடி ஏற்றும். நல்ல கருவி வீணாகத் தோற்கும்.

கருவி செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சென்சார் வயரைச் சுருட்டி மேசைக்கு அடியில் ஒளித்துவைக்காதீர்கள். குறைந்தது 1 மீட்டர் நீளம் அலையில் நனைய வேண்டும். 1 மீட்டர் வயர் 75 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம், 150-இல் அரை அலைநீளம். அங்கேதான் வயர் அதிகமாக அலையை வாங்கும். வெப்பநிலை கன்ட்ரோலரின் உள்வாயிலில் உள்ள ஆப்-ஆம்ப் என்ற பெருக்கிச் சில்லு அந்த அலையைத் திருத்தி நேர்மின்னழுத்தமாக்கிவிடும். 32 என்று நின்ற எண் 41-க்குத் தாவும். உள்வாயிலுக்கு மிக அருகில் 1 நானோஃபாரட் கெப்பாசிட்டர், வயரில் ஒரு ஃபெரைட், ஷீல்டை வாலாக முறுக்காமல் சுற்றிலும் பெட்டியோடு பிணைப்பது என்று இதற்கான மருந்து மலிவானதே. கருவி 2 விநாடிக்கு ஒருமுறை அளக்கிறது என்றால் ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் 3 விநாடியாவது நிற்கச் சொல்லுங்கள். 80 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1 ஜிகாஹெர்ட்ஸ் வரை 1 சதவீதப் படிகளில் சுமார் 254 நிறுத்தங்கள். நான்கு பக்கம், இரண்டு நிலை என்று எட்டு முறை ஓட்டினால் நிறுத்த நேரம் மட்டுமே ஒரு மணி 42 நிமிடம். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது என்றால் எதையோ விட்டிருக்கிறார்கள்.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். கதவு திறந்தால் பவர் அறுந்துபோகும் இன்டர்லாக் வேலை செய்கிறதா என்று தினமும் காலையில் குறைந்த பவரில் பார்க்க வேண்டும். 30 முதல் 400 மெகாஹெர்ட்ஸ் வரை பன்னாட்டு வழிகாட்டுதல் முழு உடலுக்கு அனுமதிப்பது பொதுமக்களுக்கு மீட்டருக்கு சுமார் 28 வோல்ட், பணியாளர்களுக்கு 61. வாகன பாகங்களை 100, 200 வோல்ட்டில் சோதிக்கும்போது உள்ளே யாரும் இருக்கக் கூடாது; கருவியைக் கேமரா வழியாகவே பார்க்க வேண்டும். கதவின் இடுக்கை அடைக்கும் செம்பு விரல்கள் மடங்கியிருந்தால் அலை வெளியே கசியும். விமானத் தொடர்புக்கான 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸும் இந்தச் சோதனைக்குள்தான் வருகிறது.

இவ்வளவையும் அறிக்கை வாசிப்பவர் ஊகித்துக்கொள்ள முடியாது. ஆன்டெனாவும் கருவியும் ஒரே சட்டகத்தில் தெரிய இரு நிலைகளிலும் புகைப்படம், தரைக்குறியின் அளவுகள், அதிர்வெண்வாரியாகப் போன பவரும் திரும்பிய பவரும் காட்டும் வரைபடம் ஆகியவற்றை ஆய்வகங்கள் இணைக்கட்டும். பவர் மீட்டரின் பதிவு மென்பொருளில் ஏற்கெனவே இருக்கிறது. அறிக்கையில் இரண்டு பக்கம் கூடும். கருவி செய்பவர்களும் நாள் குறிக்கும்போதே, விலைப்புள்ளி கேட்கும் கடிதத்தில் இந்த மூன்றையும் எழுதிக் கேட்டுவிட வேண்டும். சோதனை முடிந்து, ஆன்டெனாவைக் கழற்றி, அப்சார்பரை அடுக்கிய பிறகு கேட்டால் கிடைக்காது.

இப்படிக்கு,
இஎம்சி சோதனைப் பொறியாளர்கள்,
சென்னை