கொட்டாரத்துக்கு விளக்கம் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

குமரி மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு பக்கத்துப் பழஞ்சின்னங்களுக்கு விளக்கப் பலகை எழுதுவோருக்கும், பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டுவோருக்கும் வணக்கம்.

நான் தக்கலைக்காரி. மதுரையிலிருந்து சொந்தக்காரர் வந்தால் முதலில் பத்மநாபபுரம் கொட்டாரத்துக்குத்தான் கூட்டிப்போவேன். கொட்டாரம் என்றால் அரண்மனை; இது திருவிதாங்கூர் அரசர்களின் பழைய அரண்மனை. 1956 நவம்பர் 1-ல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோதும் கொட்டாரம் கேரள அரசின் பொறுப்பிலேயே இருந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசிய ஊர் இது. எனக்கு வேண்டியது வேறு.

சில வருடங்களுக்கு முன் வேறோர் ஊர் அருங்காட்சியகத்தில் ஒரு மர உரல் பார்த்தோம். 'மர உரல், 19-ஆம் நூற்றாண்டு' என்று மட்டும் எழுதியிருந்தது. அம்மா அதன் முன்னால் நின்று, உலக்கைக்குப் பூண் எதற்கு, இரண்டு பெண்கள் கை மோதாமல் மாற்றி மாற்றிக் குத்துவது எப்படி, தவிட்டை யாருக்குக் கொடுப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே போனாள். சுற்றிலும் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். அன்றைக்கு எழுதத் தோன்றிய மடல்தான் இது.

கொட்டாரத்தில் பிள்ளைகள் முதலில் கேட்பது அரசர் பெயரை அல்ல, "இந்தத் தரை எப்படி இப்படி மின்னுது?" என்றுதான். சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டை வெள்ளைக்கரு என்று சொல்வார்கள். சொல்லுங்கள், ஆனால் 'சொல்வார்கள்' என்றே சொல்லுங்கள். மருந்து மரங்களால் செய்ததாகச் சொல்லும் மருந்துக் கட்டிலில் 64 வகை மரம் என்பதும் அப்படியே. வழிவழிப் பேச்சு எது, ஆவணம் எது என்று பிரித்துக் காட்டினால் கேட்பவர் நம்பிக் கேட்பார்.

ஊட்டுப்புரையில், அதாவது கொட்டாரத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், தளத்துக்கு ஆயிரம் பேராக இரண்டாயிரம் பேர் உண்ணலாம் என்றதும் எல்லோரும் வியக்கிறார்கள். விறகு சுமந்தது யார்? எச்சில் இலை எடுத்தது யார்? திருவிதாங்கூர் ஊட்டுப்புரைகளின் பந்தி பிராமணர்களுக்கு. உழைத்தவர்களில் பலர் வாசலுக்கு வெளியே நின்றவர்கள். இதே அரச மரபின் ஆட்சியில்தான் எங்கள் பக்கத்துப் பெண்கள் மேலாடை போடத் தோள்சீலைப் போராட்டம் நடத்தவேண்டி வந்தது. 1859-ல் ஆணை கிடைக்கும்வரை பட்ட அடி கொஞ்சமல்ல. அந்தப் பெண்களின் வழிவந்தவர்கள் இன்று சீட்டு வாங்கி உள்ளே வருகிறார்கள். மரவேலையின் அழகை மட்டும் காட்டி அவர்களை அனுப்பிவிடாதீர்கள்.

பக்கத்து உதயகிரிக் கோட்டையில் டிலனாய் கல்லறை இருக்கிறது. 1741-ல் குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர்ப் படையையே பழக்கிய டச்சுக் கம்பெனிப் படைத்தலைவர் அவர், 1777-ல் இறந்தார். அவர் கல்லறைக் கல்லில் லத்தீனும் இருக்கிறது, தமிழும் இருக்கிறது. ஊர்க்காரர் வாசிக்கவேண்டும் என்று அன்றைக்கே யாருக்கோ தோன்றியிருக்கிறது.

ஆகவே கொட்டாரம், உப்பரிகை (மேல்மாடி), பூமுகம் (முகப்பு மண்டபம்) போன்ற சொற்களை மாற்றாதீர்கள். பக்கத்திலேயே பொருள் சொல்லுங்கள். பெரிய எழுத்தில், பிள்ளைகளின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். தகட்டில் பொறிப்பதற்கு முன் தாளில் எழுதி ஒரு மாதம் ஒட்டிவைத்து, யார் எந்த வரியில் நிற்கிறார், எங்கே பாதியில் நகர்கிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். அந்த மாதம் நானும் அம்மாவும் வந்து வாசித்துச் சொல்கிறோம்.

அன்புடன்,
தக்கலையிலிருந்து ஒருத்தி