முழுப் பேச்சையும் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிந்தாதிரிப்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். சென்ற மாநகராட்சித் தேர்தலில் யாருக்கு ஓட்டு என்று கடைசிவரை முடிவு செய்யாதவர்களில் நானும் ஒருத்தி.

எங்கள் வார்டில் நின்ற ஒருவர், கூவம் கரைக் குடிசைகளைப் பற்றி, "ஆக்கிரமிப்பு என்றால் காலி பண்ணத்தானே வேண்டும்" என்று எப்போதோ பேசிய வீடியோ அப்போது எல்லார் போனிலும் சுற்றியது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு கரையிலிருந்து நகரத்து ஓரத்திலுள்ள பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களில், என் கடையில் காஜா எடுத்துக்கொண்டிருந்த அக்காவும் உண்டு. பஸ் மாறி மாறி வந்து பார்த்தார். கூலி பஸ்ஸுக்கே சரியாகிவிட, ஒரு மாதத்தில் நின்றுவிட்டார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அப்புறம் ஒருநாள் மாலை என் கடை எதிரிலேயே அந்த வேட்பாளரின் தெருமுனைக் கூட்டம். "அது வெட்டி ஒட்டியது இல்லை. நான்தான் பேசினேன். தப்பு" என்று ஆரம்பித்தார். மிஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தேன். இருபது நிமிஷம் பேசினார். வீடு இடிப்பதைத் தடுக்கும் அதிகாரம் கவுன்சிலருக்கு இல்லை என்றும், குடிசைகளைக் கணக்கெடுக்க வரும்போது யார் பெயரும் விட்டுப்போகாமல் கூட நிற்பேன் என்றும் சொன்னார். பக்கத்துப் பூக்கார அக்கா, "ஒத்துக்கிட்டாரே, அதுவே போதும்" என்றார். எனக்கு அது போதவில்லை. ஏற்கெனவே பெரும்பாக்கம் போனவர்களுக்கு என்ன செய்வார் என்று ஒரு வார்த்தை இல்லை. ஆனாலும் எங்கள் இரண்டு பேருக்கும் யோசிக்க விஷயம் கிடைத்தது.

மறுநாள் போனில் வந்தது "நான்தான் பேசினேன்" என்ற துண்டு மட்டும். பேப்பரில் இரண்டு வரி. கூட்டத்துக்கு வராதவர்கள் அந்தத் துண்டை வைத்துத்தான் முடிவு செய்தார்கள்.

2008இல் அமெரிக்க அதிபர் தேர்தல் நேரத்தில் ஒபாமாவுக்கும் இப்படி ஒரு சிக்கல் வந்ததாம். அரசியல் அறிவியல் படித்த என் மகள் சொன்னாள். அவருடைய பாதிரியாரின் சர்ச்சையான பிரசங்கத் துண்டுகளை டிவியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். மார்ச் 18 அன்று பிலடெல்பியாவில் 37 நிமிஷம் பேசினார். பாதிரியாரின் பேச்சைக் கண்டித்தார், ஆனால் அந்த மனிதரை என்னால் ஒதுக்க முடியாது என்றார். அந்தப் பேச்சு முழுசாகப் பத்திரிகையில் வந்ததாம்.

அடுத்த தேர்தலில் நீங்களும் அப்படிப் போடுங்கள் ஐயா. முதலில் சர்ச்சையான பேச்சு, எங்கே எப்போது பேசியது என்று. பக்கத்திலேயே வேட்பாளரின் பதில், ஒரு வரி குறையாமல். எதிர்த்து நிற்பவர் சொல்வதும் வரட்டும். பூக்கார அக்காவுக்குப் படிக்க வராது. கடையில் உட்காரவைத்து நான் வாசித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சிந்தாதிரிப்பேட்டை, சென்னை