செல்ஃபைக் கழற்றும் முன் ஐந்து நிமிடம்: மலையடிவார ஆட்டோ எலக்ட்ரீசியன்களுக்கு ஒரு திறந்த மடல்

போடி, தேனி, கம்பம், குமுளி வட்டாரத்து ஆட்டோ எலக்ட்ரீசியன் அண்ணன்மார்களுக்கு,

வணக்கம். போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகளில் பல இன்னமும் பழைய மஹிந்திரா வண்டிகள்தான். அவற்றைச் சாகாமல் வைத்திருப்பது உங்கள் கைவேலை. அந்த மரியாதையோடுதான் இதை எழுதுகிறேன். "செல்ஃப் எடுக்கலை" என்று ஒரு வண்டி உங்கள் கடை வாசலுக்கு வந்தால், எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரைக் கழற்றுவதற்கு முன் மல்டிமீட்டரை எடுத்து ஐந்து நிமிடம் அளந்து பாருங்கள். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

இது பணத்தோடு முடிகிற விஷயம் இல்லை. செல்ஃப் சரியில்லாத ஜீப்பை ஓட்டுபவர் என்ன செய்வார் என்று நம் எல்லோருக்கும் தெரியும். எங்கே நிறுத்தினாலும் இறக்கம் பார்த்து நிறுத்துவார், சக்கரத்துக்குக் கல் வைப்பார், கிளம்பும்போது உருட்டி ஸ்டார்ட் செய்வார். மிதிக்கும் விசையைக் கூட்டித்தரும் பிரேக் பூஸ்டர் உள்ள டீசல் வண்டியில் அந்த பூஸ்டருக்கு வேக்குவம் தருவது எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் பம்ப்தான். எஞ்சின் ஓடாமல் வண்டி மட்டும் உருளும்போது மிச்சமிருக்கும் வேக்குவம் ஓரிரு மிதியில் தீர்ந்துவிடும். அதற்கப்புறம் பெடல் கல் மாதிரி இறுகிப்போகும். பின்னால் ஆட்கள் உட்கார்ந்திருக்க, கொண்டையூசி வளைவுக்கு மேலே ஒரு வண்டி இப்படி உருள்வதை நினைத்தாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டீசல் ஜீப்பின் செல்ஃப், எஞ்சினைச் சுற்றும்போது 200, 300 ஆம்பியர் வரை சர்வசாதாரணமாக இழுக்கும். ஹெட்லைட்டுக்கு ஒரு பொருட்டே இல்லாத துரு, செல்ஃபுக்குப் பெரிய சுவராக நிற்பது அதனால்தான். கேபிள் முனையில் இருக்கும் ஒரு லக்கில் 0.005 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். 300 ஆம்பியர் ஓடும்போது அங்கே மட்டும் 1.5 வோல்ட் காணாமல் போகும். அந்த ஒரு மூட்டில் 450 வாட் வெப்பமாகிறது என்று அர்த்தம். தடை சிறியது என்பதால் டெஸ்ட் லாம்ப் அங்கே பிரகாசமாகவே எரியும். நம்மை ஏமாற்றுவது அதுதான்.

அளக்கும் முறை உங்களில் பலருக்குத் தெரிந்ததே. வண்டி நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டிருக்க வேண்டும். எஞ்சின் பிடித்துவிடாமல் ஒருவர் எஞ்சினை அணைக்கும் ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பட்டும். முதலில் பேட்டரி. மீட்டர் முனையை கிளாம்பில் வைக்காமல் ஈயத் தண்டின் மேலேயே வையுங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. அடுத்து, சிவப்பு முனையைப் பேட்டரி பாசிட்டிவ் தண்டிலும் கறுப்பு முனையைச் செல்ஃபின் பெரிய போல்ட்டிலும் வைத்துச் சுற்றவிடுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிளோ லக்கோ கெட்டிருக்கிறது. கடைசியாக, பேட்டரி நெகட்டிவ் தண்டுக்கும் செல்ஃபின் உடம்புக்கும் இடையில் பாருங்கள். 0.3-ஐத் தாண்டினால் எர்த் கோளாறு.

இந்தக் கடைசி அளவைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். எஞ்சின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் சேசிஸுக்கும் நடுவே கரண்ட் திரும்பி வர வழி அந்தப் பின்னல் எர்த் பட்டை மட்டும்தான். மழை, சேறு, ஓடைத் தண்ணீர் எல்லாம் முதலில் தின்பது அதைத்தான். என் ஜீப்புக்கு ஒரு கடையில் செல்ஃபையே மாற்றினார்கள். வாரம் திரும்புவதற்குள் பழையபடி இழுத்து இழுத்துச் சுற்றியது. இன்னொருவர் எர்த் பட்டையைக் கழற்றி, சேசிஸில் பெயின்ட்டைச் சுரண்டி, எமரி போட்டுப் புதுப் பட்டை முடுக்கினார். அன்றிலிருந்து அந்தத் தொல்லை இல்லை. மாற்றியெடுத்த பழைய செல்ஃபில் ஒரு கோளாறும் இருந்திருக்காது என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

"டிக்" என்று ஒரே சத்தத்தோடு நின்றால் ஒரு கோளாறு, "டக டக டக" என்று அடித்தால் வேறு கோளாறு. செல்ஃபின் மேல் உட்கார்ந்து அதற்குக் கரண்டைத் திறந்துவிடும் மின்காந்தச் சுவிட்சான சோலனாய்டுக்குள் இழுக்கிற காயில், பிடித்துவைக்கிற காயில் என்று இரண்டு உண்டு. பேட்டரி தளர்ந்திருந்தாலோ பிடிக்கிற காயில் அறுந்திருந்தாலோ உள்ளே போன தண்டு உடனே விடுபடும், மறுபடி இழுக்கும். டகடகப்பு அதனால் வருவது. காலையில் நன்றாக எடுத்த வண்டி, மலையேறிச் சூடான பிறகு "டிக்" என்று மட்டும் சொன்னால் சாவியிலிருந்து சோலனாய்டுக்கு வரும் வயரைச் சந்தேகப்படுங்கள். செம்பின் தடை 10 டிகிரி சூட்டுக்கு ஏறக்குறைய 4 சதவீதம் ஏறும். எஞ்சினோடு ஒட்டிய சோலனாய்டு 60 டிகிரி கூடுதலாகச் சூடானால், காயிலின் தடை கிட்டத்தட்ட கால் பங்கு கூடிவிடுகிறது. தேய்ந்த இக்னிஷன் சுவிட்ச் வழியாக டேஷ்போர்டு வரை சுற்றிவரும் மெலிந்த வயரால் அப்போது போதுமான கரண்ட் தர முடியாது. இதற்கு மருந்து ஒரு ரிலே, அதாவது சிறிய கரண்டால் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச். செல்ஃபின் பெரிய போல்ட்டிலிருந்து ஃபியூஸோடு தடித்த வயர் எடுத்து, 40 ஆம்பியர் ரிலே வழியாகச் சோலனாய்டுக்குக் கொடுங்கள். சாவி அந்த ரிலேயை மட்டும் எழுப்பினால் போதும். பழைய ஜீப்புக்குச் செய்யக்கூடிய மேம்பாடுகளில் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பலன் தருவது வேறில்லை என்பது என் கருத்து.

செல்ஃப் வேகமாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லையென்றால் செல்ஃபைத் தொடவே வேண்டாம். பெஜோ எக்ஸ்டிபி 4.90 எஞ்சினாக இருந்தால் ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள். டீசலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீச்சும் எம்டிஐ எஞ்சினாக இருந்தால் டீசல் லைனில் காற்று இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

எல்லா அளவும் சரியாக இருந்து செல்ஃப் மட்டும் மெதுவாகச் சுற்றினால் இறக்கித்தான் ஆக வேண்டும். டிசி கிளாம்ப் மீட்டர் இருந்தால் இறக்கும் முன்பே பாதி தெரிந்துவிடும். கரண்ட் அதிகமாக இழுத்துக்கொண்டு மெதுவாகச் சுற்றினால் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து, உள்ளே சுழலும் ஆர்மேச்சர் உரசுகிறது, இல்லையென்றால் காயில் ஷார்ட், அல்லது எஞ்சினே இறுக்கம். கரண்ட் குறைவு, சுற்றும் மெதுவு என்றால் ஆர்மேச்சருக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ், அது உரசும் கம்யூட்டேட்டர் பக்கம் போங்கள். வெறும் புஷ்ஷும் பிரஷ்ஷும் போட்டாலே பல பழைய செல்ஃப்கள் இன்னும் பல வருடம் உழைக்கும்.

இனி கியர் செல்ஃப் பற்றி. பழைய செல்ஃபில் ஆர்மேச்சர் நேரடியாகப் பினியனை, அதாவது எஞ்சினின் ரிங் கியரைக் கடித்துச் சுற்றும் சின்னப் பற்சக்கரத்தை, சுற்றுகிறது. அதனால்தான் அவ்வளவு கனம். கியர் ரிடக்‌ஷன் வகையில் சின்ன மோட்டார் வேகமாகச் சுழல, உள்ளே இருக்கும் பற்சக்கரங்கள் அந்த வேகத்தைக் குறைத்து முறுக்கு விசையைக் கூட்டுகின்றன. எடை குறைவு, அதே வேலைக்கு இழுக்கும் கரண்டும் குறைவு. பனி விழும் காலையில் பேட்டரி சுணங்கி, ஆயிலும் கெட்டியாகி நிற்கும்போது இந்த வித்தியாசம் காதிலேயே கேட்கும். நான் இதற்கு முழு ஆதரவு. ஆனால் வண்டியின் பெயரைச் சொல்லிச் செல்ஃப் வாங்கி வரச்சொல்லாதீர்கள். பழைய ஜீப்புகளில் எஞ்சின் மாறியிருப்பது சகஜம். பினியன் பல்லின் எண்ணிக்கையும் அளவும், முகப்பு உட்காரும் விட்டம், போல்ட் துளைகள், சுற்றும் திசை, ஓய்வில் பினியனுக்கும் ரிங் கியருக்கும் உள்ள இடைவெளி என எல்லாம் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். துளையை அரத்தால் ராவிப் பொருத்தினால் பினியன் கோணலாகக் கடித்து, சில மாதத்தில் ரிங் கியரின் பல்லைத் தின்றுவிடும். அப்புறம் கியர்பாக்ஸ் இறக்கும் செலவு.

ரிங் கியரையும் ஒரு முழுச் சுற்று திருப்பிப் பாருங்கள். நாலு சிலிண்டர் எஞ்சின் அணைக்கும்போது பெரும்பாலும் எதிரெதிரான இரண்டு இடங்களில்தான் நிற்கும். எனவே தேய்மானமும் அந்த இரண்டு இடத்தில்தான். அதைப் பார்க்காமல் புதுச் செல்ஃப் போட்டால், அங்கே வந்து நிற்கும் ஒவ்வொரு தடவையும் கரகரவென்று அரைக்கும்.

இன்னொன்று, கெஞ்சியே கேட்கிறேன். பிரஷ் ஒட்டிக்கொண்ட பழைய செல்ஃபைச் சுத்தியலால் தட்டி எழுப்புவது நம்மூர்ப் பழக்கம். கியர் செல்ஃப்களில் பலவற்றில் காயிலுக்குப் பதில் நிரந்தரக் காந்தம் ஒட்டியிருக்கும். தட்டினால் அது உடைந்து உள்ளேயே சிதறும். ஓட்டுநர்களுக்கும் இதைச் சொல்லி அனுப்புங்கள். பத்து வினாடிக்கு மேல் தொடர்ந்து சாவியைப் பிடிக்க வேண்டாம், நடுவில் ஆறவிட வேண்டும் என்பதையும்தான்.

உங்கள் பக்க நியாயமும் எனக்குத் தெரியும். பார்ட் மாற்றினால்தான் வாடிக்கையாளர் காசு கொடுக்கிறார். அரை மணி நேரம் குனிந்து கிடந்து ஒரு எர்த் பட்டையைக் கண்டுபிடித்தால் "இதுக்கா இவ்வளவு?" என்று கேட்கிறார். இந்தத் தவறு எங்களுடையது. அதனால் பார்க்கும் கூலி என்று தனியாக ஒரு தொகை வையுங்கள். கடையில் எழுதி மாட்டுங்கள். ஓய்வில் பேட்டரி, சுற்றும்போது பேட்டரி, பாசிட்டிவ் கேபிள், எர்த் என்று அளந்த நான்கு எண்களையும் பில்லின் பின்பக்கம் குறித்துக் கொடுங்கள். அடுத்த முறை வண்டி வேறு ஊரில் நின்றுபோனாலும் அங்கிருப்பவர் அந்த எண்களிலிருந்து வேலையைத் தொடங்கலாம். ஜீப் வைத்திருக்கும் எனக்குத் தெரிந்தவர்களிடம் அந்தக் கூலியை மறுப்பில்லாமல் கொடுக்கும்படி பேசிவருகிறேன். சிலர் ஏற்கெனவே சரி என்றுவிட்டார்கள். எவ்வளவு வைக்கலாம் என்பதை நீங்கள் உங்களுக்குள் பேசி முடிவு செய்யுங்கள்.

அன்புடன்,
போடியிலிருந்து ஒரு பழைய ஜீப்பின் உரிமையாளர்